ஏரி மண் கேட்ட அமைச்சர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் சாரல் நாட்டை வெற்றிவேழன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் வேறொரு ஆசை. அந்த வருஷம் அவருக்குக் கோடை மாளிகை கட்டும் ஆசை.

அப்போது பூவரசூரிலிருந்து சடைச்சி என்ற உழவர் பெண் சபைக்கு வந்தாள். "மகாராசா, எங்க ஏரி மதகு பூட்டன் காலத்துது. பலகையெல்லாம் இத்துப்போச்சு. ஏரியும் பாதி தூர்ந்து கிடக்கு. அடுத்த மழையில கரை உடைஞ்சா ஊரே போயிடும்" என்று அழுதாள்.

"பழுது பார்க்கப் பொருள் வேண்டும், அரசே" என்றார் அமைச்சர் கார்மேகனார்.

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயருக்கு அமைச்சரைக் கண்டாலே வயிறு எரியும். "மாளிகை கட்டும் நேரத்தில் மதகா? மண்ணாங்கட்டி கூடக் கிடையாது!" என்றார்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "கார்மேகனாரே, கஜானாவைத் தொடாமல், புது வரி போடாமல் செய்து காட்டும், பார்க்கலாம்!"

"அப்படியே, அரசே. இவர் தர மறுத்த மண்ணை மட்டும் தாருங்கள். ஏரிக்குள் கிடக்கும் வண்டல் ஊருக்கே சொந்தம் என்று ஒரு வார்த்தை போதும்."

"சேற்றையா கேட்கிறீர்? எடுத்துக்கொள்ளும்!"

கோடையில் ஏரி வற்றியது. சடைச்சியும் ஊராரும் வண்டலை வெட்டிக் குவித்தார்கள். வயலுக்கு அதைவிட நல்ல உரம் ஏது? அக்கம்பக்கத்து உழவர்கள் நெல் கொடுத்து வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். செங்கல் சூளைக்காரர்கள் காசு கொடுத்தார்கள். ஏரி ஆழமானது. மதகுக்குக் கருங்கல் வந்து இறங்கியது.

மாளிகைக்குச் செங்கல் வாங்கப் போன தாண்டவராயர், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு அலறிக்கொண்டு திரும்பினார். "அரசே, செங்கல் விலை ஏறிவிட்டது! மண்ணுக்கு ஊரார் காசு வாங்குகிறார்களாம். பறிமுதல் செய்யுங்கள்!"

ராஜா அமைச்சரைப் பார்த்தார். "என் மண்ணை நானே விலை கொடுத்து வாங்குகிறேனா?"

"ஆம், அரசே. மதகுக்குத் தாங்களும் காசு கொடுத்திருக்கிறீர்கள். கொண்டுபோய்க் கொடுத்தவர் நம் பொக்கிஷ அதிகாரி!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். "மாளிகை காத்திருக்கட்டும். இனி ஏரி மீன் குத்தகைப் பணமும் அந்தந்த ஊருக்கே. வருஷா வருஷம் மராமத்து பார்க்கட்டும். தாண்டவராயரே, வேலை முடியும்வரை நீர் அங்கே போய் மண் சுமக்கும்!"

தாண்டவராயர் அன்றே கூடையோடு பூவரசூருக்குக் கிளம்பினார்.

ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. கரை அசையவில்லை. புது மதகு திறப்பதைப் பார்க்க வந்த ராஜா, ஆர்வம் தாங்காமல் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்றார்.

சடைச்சி மேலிருந்து கத்தினாள்: "மகாராசா, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, தண்ணி வருது!"

ராஜா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறி ஓடினார்.