கிளி போன வாசல்

முன்னொரு காலத்தில் செங்கோடவர்மன் என்றொரு மன்னன் இருந்தான். அவன் ஆசையாய் வளர்த்த கிளியை ஒருநாள் எவனோ கூண்டோடு தூக்கிக்கொண்டு கோட்டை வாசல் வழியாகவே நடந்து போய்விட்டான். மன்னனுக்கு வந்ததே கோபம்! வாசல் காவலர் பன்னிரண்டு பேரையும் சபைக்கு இழுத்து வரச் சொன்னான்.

அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் அமைச்சர் ஞானவல்லபர். காவல் விதிகளை நூற்றெட்டுச் செய்யுளாகக் கட்டி மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். "ஒப்பியுங்கள்" என்றார். பன்னிரண்டு பேரும் கைகூப்பி, பக்தியோடு கண்ணை மூடி, ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். வாசலிலும் தினமும் அப்படித்தான் ஒப்பிப்பார்களாம். கிளி போனது ஐம்பதாவது செய்யுளில்.

அரசவை விகடன் சடையாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்கிறாயா? பத்து நாளில் இவர்களை நல்ல காவலராகத் தேற்றிக் காட்டு. தவறினால் இவர்களோடு நீயும் நாடு கடத்தப்படுவாய்" என்றான் மன்னன்.

ஞானவல்லபருக்கு வாயெல்லாம் பல். "அரசே, ஒரு நிபந்தனை. இவன் அவர்களுக்கு ஒரு விதியைக்கூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்!"

சடையாண்டி என்ன செய்தான் தெரியுமா? நேரே வாசலுக்குப் போனான். "தினம் ஒரு வேஷத்துல உள்ள வருவேன். பிடிச்சா ஒரு கூடை அதிரசம். விட்டுட்டீங்கன்னா எல்லார் மூக்குலயும் கரி. சரியா?"

முதல் நாள் சேலை கட்டி வந்தான், மீசையை எடுக்காமல். பிடித்துவிட்டார்கள். மறுநாள் மீசை இல்லை, நடையில் மாட்டினான். மூன்றாம் நாள் சாணி வண்டி ஓட்டி வந்து, உள்ளே போய், பன்னிரண்டு மூக்கிலும் கரி பூசினான். ஊரே சிரித்தது.

"சாணி வண்டிக்காரன் கால்ல சாணியே இல்லியேடா! பாக்காம விட்டுட்டமே" என்று புலம்பினான் காவலன் முத்திருளன்.

அன்று முதல் காலைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். வேஷமும் நாளுக்கு நாள் கடினமாயிற்று. எட்டாம் நாளுக்குள் ஒரு பூனைகூட அவர்களுக்குத் தெரியாமல் நுழைய முடியவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

பத்தாம் நாள் மன்னனும் சடையாண்டியும் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலர் தேறவில்லை என்று காட்டிவிட வேண்டுமென்று ஞானவல்லபர் ஒரு வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து வந்தார். பாவம், கனத்த உடம்பு.

முத்திருளன் வண்டியை மறித்தான். "நாலு கட்டு வைக்கோலுக்கு மாடு இப்படி மூச்சு வாங்குமாடா?" வைக்கோலுக்குள் கைவிட்டு ஒரு காலைப் பிடித்து இழுத்தான். "சடையாண்டியண்ணே, மாட்டிக்கிட்டீங்க! எங்க அதிரசம்?"

தலையெல்லாம் வைக்கோலாக எழுந்து நின்றார் அமைச்சர். மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உண்மையைச் சொல், சடையாண்டி. என்னதான் சொல்லிக்கொடுத்தாய்?"

"ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை, அரசே. தோற்றுக்கொண்டே இருந்தேன். ஜெயிக்கும் ருசி கண்டதும் அவர்களே கண்ணைத் திறந்துகொண்டார்கள்."

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நான் வரட்டுமா? என்ன வேஷம் போடலாம்?" என்றான்.

"எதுவானாலும் சரி, அரசே. பிடித்தவர்களை நாடு கடத்தாமல் இருந்தால் போதும்."

மன்னன் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான்.