வாசல் தாண்டாத நெல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குத் தன் கல்விச்சாலைக் களஞ்சியத்தின் மேல் தீராத பெருமை. ஏழைப் பிள்ளைகள் படிக்கவென்று அவன் பாட்டனார் எழுதிவைத்த நிலத்து நெல், கூரையை முட்டிக் கிடந்தது. ஆனாலும் மாணவர்கள் மாதம் ஒரு மரக்கால் நெல் கட்டினால்தான் சோறும் பாடமும். ஏன் என்று கேட்டால் தலைமைப் பண்டிதர் அகோரர் செப்பேட்டை நீட்டுவார். "இந்நெல் இவ்வாசலைத் தாண்டலாகாது" என்றிருக்கும். திருடனுக்குப் போட்ட பூட்டை மாணவர் வயிற்றுக்குப் போட்டுவிட்ட மகானுபாவர் அவர்.

ஒருமுறை, நெல் கட்டாத பன்னிரண்டு பேரை வெளியேற்றச் சொன்னார். அவர்களில் உப்புக்காரி மகன் சடையனும் ஒருவன். விகடகவி மருதப்பன் சபையில் அவர்களுக்காகப் பரிந்து பேசினான். சிறு வயதில் அதே சாலையிலிருந்து ஒரு மரக்கால் நெல்லுக்காகத் துரத்தப்பட்டவன் அவன். அந்த வலி ஆறவே இல்லை.

"மருதப்பனாரே வழி சொல்லட்டுமே, அரசே," என்று அகோரர் தேனொழுகச் சொன்னார்.

அரசனுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. "மருதப்பா, செப்பேட்டை மீறாதே. மாணவரிடம் நெல்லும் கேட்காதே. நாளை உச்சிக்குள் பன்னிரண்டு பேரும் உண்டு படித்திருக்க வேண்டும். தவறினால் அவர்களோடு நீயும் வெளியேறு."

மருதப்பன் களஞ்சியத்தை மூன்று சுற்று சுற்றினான். வாசலுக்கு உட்புறம், நெல் உலர்த்தும் முற்றம் கண்ணில் பட்டது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் உச்சியில் அரசன் வந்தான். முற்றத்தில் உரல், அடுப்பு, பானை. பன்னிரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"செப்பேட்டை மீறிவிட்டான், அரசே," என்று அகோரர் பதறினார்.

"ஒரு மணி நெல்லாவது வாசலைத் தாண்டியதா, பண்டிதரே? காவலரைக் கேளுங்கள்," என்றான் மருதப்பன்.

காவலர் இல்லையென்று தலையசைத்தார்.

"வயிற்றில் இருக்கிறதே. மாலையில் இவர்களோடு அதுவும் வெளியே போகுமே."

"போகும்போது அது நெல்லாக இருக்காது. சடையா, இன்று படித்ததைச் சொல்."

சடையன் பிழையில்லாமல் முழுவதும் ஒப்பித்தான்.

"உங்கள் பாட்டனார் இந்த நெல்லை இப்படித்தான் வெளியே அனுப்ப விரும்பினார், அரசே," என்றான் மருதப்பன்.

அரசன் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். இனி எந்த மாணவரும் நெல் கட்ட வேண்டாம் என்றான். தன் முத்துமாலையையும் களஞ்சியச் சாவியையும் மருதப்பனிடம் தந்தான். அகோரர் கையில் அகப்பையைக் கொடுத்தான்.

அன்று முதல் பந்தி பரிமாறியது அவர்தான். இரண்டாம் முறை சோறு கேட்டவர்களில் முதல் ஆள் மருதப்பன்.