எனக்கு முன்னால் எதுவும் போகக் கூடாது

முன்பொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் மழை, நினைத்தால் வெயில் என்கிற குணம். அவனுடைய ராணி வடிவாம்பாள் ஒரு காய்ச்சலில் கண்ணை மூடினாள். அந்த மாசமே அவன் வளர்த்த கிளியும் கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. ராஜா அழவில்லை. கோபப்பட்டான்.

சபையைக் கூட்டி, "இனி எனக்கு முன்னால் அழிகிற எதுவும் இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது!" என்று ஆணையிட்டான்.

பண்டகசாலை அதிகாரி காளத்திராயனுக்கு மந்திரி பூவணநாதர்மேல் நெடுநாள் பொறாமை. இதுதான் சமயம் என்று வேலையில் இறங்கினான்.

"நாய்க்கு மிஞ்சினால் பதினைந்து வயசு, விரட்டு! குதிரைக்கு முப்பது, ஓட்டு! வாழை ஒரு குலையோடு சரி, வெட்டு! பாய் இரண்டு கோடை தாங்காது. மண்பானைக்கோ கை தவறும் வரைக்கும்தான் ஆயுள்!"

கடைசியில் கருங்கல்லும் செம்பும் குளத்தில் ஓர் ஆமையும்தான் மிஞ்சின. ராஜா கல் கட்டிலில் படுத்தான். இருமினால் அந்த இருமலே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஆமையைக் கூப்பிட்டுப் பார்த்தான். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. 'இதுகளெல்லாம் எனக்குப் பிறகும் இருக்கும். ஆனால் நான் போனதுகூட இதுகளுக்குத் தெரியாதே' என்று நினைத்தான். வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

ஒருநாள் சபையில் காளத்திராயன் எழுந்தான். "பிரபு, இன்னும் ஒன்று பாக்கி. மந்திரியாருக்கு எழுபது வயசு. உங்களைவிட மூத்தவர். ஆகவே..."

ராஜாவுக்கு மந்திரியை அனுப்ப மனமில்லை. சொன்ன ஆணையை மீறவும் முடியவில்லை. "மந்திரியாரே, என்ன சொல்கிறீர்?"

"புறப்படுகிறேன், அரசே. அதற்கு முன் ஒரு சந்தேகம்." பூவணநாதர் திரும்பினார். "காளத்திராயரே, நீர் அரசருக்கு முன்னால் போவீரா, பின்னால் போவீரா?"

காளத்திராயன் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டான். முன்னால் என்றால் அவனும் வெளியேற வேண்டும். பின்னால் என்றால், ராஜா முதலில் சாவார் என்று சபையறியச் சொன்னதாகும்.

"அது... தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்."

"அப்படியா! எனக்கு மட்டும் நாள் குறித்தது யார், நீரா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. ராணி போனபிறகு அதுதான் முதல் அழுகை.

ஆணை அன்றே ரத்தாயிற்று. துரத்திய ஜீவன்களையெல்லாம் தேடிப் பிடித்து, தானே தீனி போட வேண்டும் என்பது காளத்திராயனுக்குத் தண்டனை. சபை கலைந்தது. மந்திரியை மட்டும் ராஜா நிறுத்திக்கொண்டான்.

"நிஜமாகவே நீர் எனக்கு முன்னால் போய்விட்டால், நான் என்ன செய்வேன்?"

"இப்போது சபையில் அழுதீர்களே, அதைத்தான் செய்வீர்கள், அரசே."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, மந்திரியோடு படியில் உட்கார்ந்தான்.  பிறகு, "வடிவுக்கு நான் பாடினாலே ஆகாது, தெரியுமா? காதைப் பொத்திக்கொள்வாள்" என்று ஆரம்பித்தான்.

விளக்கேற்ற ஆள் வரும்வரை பூவணநாதர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.