செம்போடைக்குத் தோள் கொடுத்த ஓடைகள்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது. மலையில் பெய்த மழை தனித்தனி ஓடையாக இறங்கும். பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி, ஓடைகள் ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்காது.

அவற்றில் சின்னவள் செம்போடை. அவள் போய்ச் சேரும் மடுவில் ஒரு கெண்டை இருந்தது. தை மாதம் நீர் வற்றும்போது அது கேட்டது: “அக்கா, புதுத் தண்ணி வந்தாத்தான் நான் முட்டை விட முடியும். ஐப்பசியில வந்துடுவேல்ல?”

“வராம எங்கடி போவேன்?” என்றாள் செம்போடை.

மலையடிவார ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஓடையருகே மண்வெட்டி வைக்குமுன் ஒரு மழைக்காலம் பொறுத்து, தண்ணீர் போகும் தடத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும். அந்த ஊர்க் கருத்தப்பன் அதற்கெல்லாம் பொறுக்காமல், பங்குனி வெயிலில் மண்வெட்டியோடு வந்தான். வெடித்த மண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

“இதுவா ஓடை? எறும்பு போற தடம்!”

“கார்த்திகை வரைக்கும் பொறுங்களேன்” என்றாள் அவன் மனைவி சிட்டம்மா.

“செத்துப்போனதுக்குக் கார்த்திகையில திவசம் கொடுக்கணுமாக்கும்!”

குறுக்கே கல்லும் களிமண்ணும் போட்டுக் கரை கட்டி அடைத்துவிட்டு, ஓடை கிடந்த இடத்திலேயே ஆவணியில் எள் விதைத்தான். சாமி போட்டுக் கொடுத்த வழியை இவன் யார் அடைக்க?

ஐப்பசி மழை பிடித்தது. ஆசையாய் இறங்கி வந்த செம்போடை கரையில் முட்டி நின்றாள்.

“அண்ணே, வழி விடுங்க. கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்துக் கிடக்கா.”

“என் வயல்ல நின்னுக்கிட்டு என்கிட்டயே வழி கேக்கிறியா?”

“உங்க வயலா? மலை முளைச்ச அன்னையிலிருந்து நான் நடக்கிற இடம்யா இது!”

அவன் கரைமேல் இன்னும் நாலு கல்லைத் தூக்கி வைத்தான். கீழே மடுவில், சேற்றில் வாய் பிளந்து கிடந்தது கெண்டை.

செம்போடைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தேங்கித் தேங்கி, பக்கத்தில் போகும் கரும்போடையின் ஓரம்வரை பரவினாள்.

“அக்கா, கொஞ்சம் தோள் கொடு.”

“உன் பாடு உனக்கு, என் பாடு எனக்கு.”

“அப்படியா? உன் தடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாரு!”

கரும்போடை பார்த்தாள். கருத்தப்பனின் மச்சான் அங்கே அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தான்.

“அட பாவிங்களா!”

கரும்போடை தன் நேர்வழியை விட்டாள். உடம்பைச் சாய்த்து வந்து செம்போடைக்குள் விழுந்தாள். சத்தம் கேட்டு அடுத்த ஓடை திரும்பியது. அதைப் பார்த்து அதற்கடுத்ததும் திரும்பியது.

“ஓடுங்க! உங்க எறும்புத் தடம் வருது!” என்று கத்திக்கொண்டே, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள் சிட்டம்மா. கருத்தப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

கரை போயிற்று. எள் போயிற்று. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. ஓடைகள் பாறையை அரித்துப் பள்ளத்தாக்கு ஆக்கின. அரித்த மண்ணைச் சமவெளியில் கொட்டின. மடு நிரம்பித் ததும்ப, கெண்டை துள்ளி எழுந்து புதுத் தண்ணீரில் முட்டை விட்டது.

அன்று முதல்தான் எந்தச் சின்ன ஓடையும் தனியாகப் போகாமல், சாய்ந்து வந்து பக்கத்து ஓடைக்குத் தோள் கொடுக்கிறது; எல்லாம் மரக்கிளைபோல ஒன்றுகூடி ஆறாகி, யார் அடைத்தாலும் முட்டித் தள்ளிக்கொண்டு, தன் பழைய தடத்திலேயே வந்து நிற்கிறது.