பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

வீட்டுக்குப் புது வைஃபை பெட்டி வந்த கதையில் அதை வாங்கியவர் இருப்பார், மாட்டியவர் இருப்பார். அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பவள் இருக்கமாட்டாள். ஆகவே சந்தனமாரியிலிருந்தே தொடங்குவோம்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஆவுடையப்பன் வீட்டில் அவளுக்கு வேலை. கம்பெனிக்காரர்கள் பழைய பெட்டியை மாற்றி அதிவேகப் பெட்டி ஒன்றைத் தந்துபோனதும், தாசில்தார் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, களவு போய்விடாதபடி இரும்பு பீரோவுக்குள் பூட்டினார். வயருக்கு மட்டும் பின்னால் ஓர் ஓட்டை. சிக்னல் அன்றே செத்தது.

"ஏட்டி, பீரோவ ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்துட்டியே! சாயங்காலம் பென்ஷன்காரங்க சங்கக் கூட்டம், தலைவர் நான் போன்ல வீடியோவுல பேசணும். பெட்டி வெளிய வரக்கூடாது, சிக்னல் கிடைக்கணும். இல்லன்னா நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராத!"

"பெட்டிதான வெளிய வரக்கூடாது? நீங்க உள்ள போங்கய்யா" என்றாள் சந்தனமாரி.

தாசில்தார் பீரோவைத் திறந்து போனை நீட்டினார். சிக்னல் பாய்ந்து வந்தது! மகிழ்ச்சியில் தலையையும் தோளையும் பட்டுச்சேலைகளுக்கு நடுவே நுழைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார்.

"கதவச் சாத்தட்டுமாய்யா? களவு போயிராம."

போன் திரையில் ஊரே சிரித்தது. "தலைவரே, உங்களையும் வச்சுப் பூட்டிட்டாங்களா?" என்றார் செயலாளர் எஸ்தர்.

"சிக்னல் இங்கதாம்மா இருக்கு!"

"இரும்புக்குள்ள பூட்டினா அது எப்படி வெளிய வரும்? எடுத்துக் கூடத்துல வைங்க!"

பெட்டி கூடத்து அலமாரிக்கு வந்தது. சந்தனமாரியின் வேலை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்டாள், தாசில்தார் உடனே கொடுத்தார்.