செஞ்சிலந்தியைத் தேடிய பல்லி

தூசிக்குக் கால் உண்டா? இல்லை என்றுதானே சொல்வீர்கள்? பல்லியும் அப்படித்தான் நினைத்தது.

ஒரு வீட்டு ஜன்னலோரம் குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. அதன் பின்னால்தான் பல்லிக்குக் குடித்தனம். பாவம், செடியின் இலையெல்லாம் வெளிறி, ஊசியால் குத்தினாற்போல் புள்ளி விழுந்து, தினமும் உதிர்ந்தது.

எறும்பு ஓடி வந்தது. "மாமா! செடியில் செஞ்சிலந்தி விழுந்திருக்காம்! நர்சரிக்காரர் போனில் சொன்னார். வீட்டுக்கார அக்கா ஒட்டடைக்குச்சி எடுக்கப் போயிருக்காங்க!"

"சிலந்தியா?" ஜன்னல் மூலையில் இருந்த சிலந்திமேல் பல்லி ஒரே பாய்ச்சல்! "செடியைக் கொல்றவ நீதானா?"

"ஐயோ மாமா! நான் கறுப்பு! செஞ்சிலந்தி சிவப்பா இருக்காதா?"

பல்லி குழம்பியது. "நீ... வெட்கத்தில் சிவந்திருப்பே!"

"நான் எதுக்கு வெட்கப்படணும்?"

"அதுவும் சரிதான்." பல்லி இன்னும் குழம்பியது. அப்போது இலைகளுக்கு நடுவே மெல்லிய நூல் தெரிந்தது. "இதோ வலை! மாட்டிக்கிட்டே!" என்று வாயைப் பிளந்தது.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!" என்று சிலந்தி கத்தியது. "அது என் வலையா? அதில் ஒரு கொசு உண்டா? ஓர் ஈக்கால் உண்டா? முதலில் இலைக்கு அடியில் பாருங்க!"

பல்லி எட்டிப் பார்த்தது. "வெறும் தூசி!" என்று வாலால் இலையைத் தட்டியது. கீழே கிடந்த வெள்ளைத் தாளில் மிளகாய்ப்பொடி மாதிரி கொட்டியது.

தூசி நடந்தது!

எறும்பு குனிந்து எண்ணியது. "எட்டுக் கால்! சிலந்தி, பேர் உன்னுது, வேலை இதுங்களோடது!"

அதற்குள் ஒட்டடைக்குச்சி வந்துவிட்டது! பல்லி தொட்டிமேல் தாவி, "ச்சு! ச்சு! ச்சு!" என்றது.

"பல்லி சொல்லுதே, எந்தத் திசை?" அக்கா திரும்பினாள். நடக்கும் தூசியைப் பார்த்தாள். இலையைப் புரட்டினாள். குச்சியைப் போட்டுவிட்டு, தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் இலைகளின் அடியெல்லாம் பீய்ச்சிக் கழுவினாள். தினமும் விடாமல் கழுவக் கழுவ, பத்து நாளில் துளிர் வந்தது.

பெயரைக் கேட்டுப் பழி போடாதே, புரட்டிப் பார்த்துப் பேசு.

சிலந்தி மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. "மாமா, அந்த நர்சரிக்காரரிடமும் ஒரு தரம் ச்சு ச்சு சொல்லுங்களேன். அதுக்குச் செம்பேன்னு இன்னொரு பேர் இருக்காமே, இனி அதைச் சொல்லியே கூப்பிடட்டும்!"