58-ஐ மூடியது யார்?

ஆவணி இருபதாம் தேதி காலை முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம் பதிவாகியிருக்கிறது. ஒன்று இலஞ்சியில் இருக்கிற ஒரு குடும்பத்துடையது. இன்னொன்று பொன்மாரியுடையது. மண்டபத்துக்குத் தேதி பதிகிற மென்பொருளை எழுதியதே இந்தப் பொன்மாரிதான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அவள் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

மண்டபத்து முதலாளி கோமதியம்மாள் இரண்டு பதிவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, தென்காசியில் அந்த மென்பொருள் ஆபீஸ் இருக்கிற மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் கொடுக்குதுன்னு நான் சித்திரையிலயே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா," என்றார் மைதீன் சார். ஆபீஸை நடத்துகிறவர் அவர்.

"சரி பண்ணியாச்சு, இனிமே நோட்டுல பாக்க வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

அந்த ஆபீஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட், அதற்கு ஒரு நம்பர். கோமதியம்மாளின் புகாருக்கு நம்பர் 58. வேலை முடிந்தால் டிக்கெட்டை மூட வேண்டும். மூடுகிறவர்தான் பொறுப்பு. இது மைதீன் சாரே போட்ட சட்டம். திரையில் இருந்தது: "58. மூடப்பட்டது. மூடியவர்: பொன்மாரி."

"நான் மூடல," என்றாள் பொன்மாரி. "பாதி வேலைதான் ஆச்சு. அதை ரெப்போவுல போட்டேன். பாதின்னு எழுதியும் வச்சேன்லா."

ரெப்போ என்றால் எழுதுகிற நிரலையெல்லாம் சேர்த்து வைக்கிற இடம். ஒவ்வொரு தடவை போடும்போதும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அவள் எழுதிய வரி அழியாமல் அப்படியே இருந்தது:

"மண்டபத்துக்காரங்க கேட்டா முடிஞ்சது #58 அப்படின்னு சொல்லிடாதீங்க, பாதிதான் ஆகியிருக்கு."

எல்லாரும் படித்தார்கள். பக்கத்து மேஜை இசக்கிமுத்து மட்டும் படித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

ரெப்போவை, டிக்கெட்டுகளைக் கணக்கு வைக்கிற டூலோடு இணைத்துப் பராமரிக்கிறது அவன் வேலை. அந்த டூலின் செட்டிங்ஸில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு சொல்லை எழுதி வைத்தால் போதும். ரெப்போவுக்கு வருகிற வரியில் அந்தச் சொல்லும், ஒட்டினாற்போல ஒரு நம்பரும் இருந்தால், டூல் அந்த டிக்கெட்டைத் தானே மூடிவிடும், வரியை எழுதியவர் பேரில். முன்பு அங்கே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. அதை யாரும் எழுதவே இல்லை. அதனால் இசக்கிமுத்து அதைத் தூக்கிவிட்டு, வாயில் தானாக வருகிற சொல்லாக இருக்கட்டும் என்று "முடிஞ்சது" என்று போட்டிருந்தான்.

"டூலுக்கு அந்த ரெண்டு போதும்," என்றான். "பின்னாடி வர்ற 'சொல்லிடாதீங்க'ல்லாம் அதுக்குத் தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். அன்னைக்கு நீ லீவு."

"நான் எதுக்கு லீவு போட்டேன்?"

"உன் நிச்சயதார்த்தம்."

"அன்னைக்கு சாயங்காலம் நீயும் அங்க வந்தேல்லா. ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சே. அப்ப சொல்றதுக்கு என்ன?"

"மாப்பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு ரெப்போவைப் பத்தியா பேசுவாங்க?"

டிக்கெட் மூடினால் மைதீன் சாருக்கு ஒரு மெயில் போகும். முதல் வரி, "58 மூடப்பட்டது." அதற்குக் கீழே பொன்மாரி எழுதியது முழுதாக. அவர் முதல் வரியைப் பார்த்தார், உடனே கோமதியம்மாளுக்குப் போன் போட்டார். அந்த அம்மாள், தேதிகளைக் கையால் எழுதி வந்த நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டார். பொன்மாரி அதற்கு முன்பே பதிந்த தேதி அந்த நோட்டில் இருந்தது. மறுவாரம் இலஞ்சிக்காரர்கள் அதே தேதியைக் கேட்டார்கள். மென்பொருள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டது.

"கீழ இருந்ததையும் படிச்சிருக்கலாம்லா சார்," என்றாள் பொன்மாரி.

"ஒரு நாளைக்கு நாப்பது மெயில் வருதும்மா."

கோமதியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு உங்க டூலும் வேண்டாம், ரெப்போவும் வேண்டாம். மூடினது இந்தப் பொண்ணுதான்னா மண்டபம் இலஞ்சிக்காரங்களுக்கு. அவ செஞ்ச தப்புக்கு அவ வேற இடம் பாக்கட்டும். வேற யாராவதுன்னா, முதல்ல பதிஞ்சவ இவ, மண்டபம் இவளுக்குத்தான். மூடின ஆளு நேர்ல இலஞ்சிக்குப் போய் அந்தக் குடும்பத்துக்கிட்டப் பேசணும். இப்பச் சொல்லுங்க, யாரு?"

பொன்மாரி வீட்டில் பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது, மண்டபத்தின் பேரோடு. சுற்றுவட்டாரத்தில் அந்தத் தேதிக்கு வேறு மண்டபம் கிடையாது. அவள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல்லை எழுதியது அவள். எழுதினாலே மூடும்படி வைத்தது இசக்கிமுத்து. முடிந்துவிட்டது என்று போன் போட்டது மைதீன் சார். இதில் 58-ஐ மூடியது யார்? மண்டபம் யாருக்கு? ஒரு பேரைச் சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள். "மூன்று பேரும்தான்" என்கிற பதில் செல்லாது, அது தப்பிக்கிற பதில்.

விடை: மைதீன் சார். டூல் மூடியது திரையில் ஒரு வரியை மட்டும்தான். அதனால் எந்தக் கல்யாணத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோட்டு கையில் இருந்திருந்தால் இலஞ்சிக்காரர்களுக்கு அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நோட்டைப் பரணுக்கு அனுப்பியது போன். இசக்கிமுத்து செய்தது அரைகுறை வேலை, நன்றாகத் திட்டலாம், ஆனால் அவன் யாரிடமும் முடிந்ததென்று சொல்லவில்லை. டூலுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் படிக்கத் தெரியாது. முழு வரியும் கண்ணுக்கு முன்னால் இருந்த மனுஷர் ஒருவர்தான். சொல்லிடாதீங்க என்று எழுதியிருந்ததைத்தான் அவர் போய்ச் சொன்னார். கோமதியம்மாளும் இப்படியே தீர்ப்புச் சொல்லி மண்டபத்தைப் பொன்மாரிக்குக் கொடுத்தார். மைதீன் சாரை அன்றைக்கே இலஞ்சிக்கு நேரில் போகச் சொன்னார். அவர் போகவில்லை. "இலஞ்சி சென்று பேசுதல்" என்று 91-ஆம் டிக்கெட்டைத் திறந்து, இசக்கிமுத்து பேரில் போட்டுவிட்டார்.